மைனஸ் 9999

வரிசையில் இரண்டு பகல், ஓர் இரவு காத்திருந்து
நான்கே வினாடியில் செத்துப்போனது என் பூமி.
காற்று கிளம்பவில்லை. ஒரு மேகம்கூடத் திரளவில்லை.
நாற்பதாயிரம் வரிப் பதிவில்
முப்பத்தொன்பதாயிரமும் சம்பிரதாயம்.
அடியில், கதவிடுக்கில் யாரோ செருகிய சீட்டுபோல்:
கோப்பு இல்லை.

பெர்கனில் மழை. அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
எழுத்துப்பிழையா, சாய்கோடு ஒன்று கூடிவிட்டதா.
பொதுக் கிடங்கில் தேடினேன்.
எரிமலைச் சாம்பல் இருந்தது. சஹாராவின் தூசி இருந்தது.
1850 முதல் வெட்டிய காடெல்லாம்
வருடவாரியாக இருந்தது.
கடலைத்தான் காணோம்.
கடல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுட்டி,
அது கைகாட்டிய இடத்தில் இன்னொரு சுட்டி,
அது போய் முட்டியது ஹால்வரின் அடைவில்.

ஹால்வர் வேலையை விட்டு இரண்டு வருடம்.
அவன் கணக்கை நிர்வாகம் அழித்தது
கோடை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை,
நாங்கள் எல்லோரும் கீழே
ஸ்ட்ராபெர்ரி கேக் தின்றுகொண்டிருந்தபோது.

யோர்மன்ட் எட்டிப் பார்த்தான்.
"சுழியம் நிரப்பி ஒரு கோப்பு கொடு, ஓடிவிடும்."
ஓடிவிடும்தான். அதுதான் பயம்.
இல்லாத கோப்பு கத்திவிடுகிறது.
பொய்க் கோப்பு வாயே திறப்பதில்லை;
நூற்றைம்பது வருடம் சமர்த்தாக ஓடி
வண்ண வரைபடமும் தந்துவிட்டுப் போகும்.

ஹால்வரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
ஏதோ தீவில், சால்மன் பண்ணையில்,
மீன்மேல் ஒட்டும் பேன்களை எண்ணுகிறானாம்.
பின்னால் பம்பு இரைந்தது.
"அந்தக் கோப்பா? அது எங்கிருந்தும் எடுத்ததில்லை, டூருன்.
நான் செய்தது."

செய்தது.
மீன்சூப்பைச் சொல்வதுபோல் சொன்னான்.

வடக்கே, ஃபின்மார்க் கரையில் ஒரு கலங்கரை விளக்கம்.
தினமும் காலை எட்டு மணிக்கு
வாளியில் கடலை மொண்டு
வெப்பமானியை விட்டுப் பார்த்து எழுதினார் காவலர்.
1944 அக்டோபர் கடைசியோடு எழுத்து நிற்கிறது.
ஊர்களைக் கொளுத்திக்கொண்டே பின்வாங்கியது படை.
விளக்கு, வீடு, வாளி.
எழுத்து திரும்பத் தொடங்குவது மறுவருடம் ஜூனில்,
வேறு கை, வேறு மை.
நடுவில் ஏழு மாதமும்
மூலக் கோப்பில் மைனஸ் 9999.
அளக்கவில்லை என்பதற்கு அது எங்கள் பாஷை.
மாதிரிக்கு அந்தப் பாஷை தெரியாது,
கடல் அவ்வளவு குளிர் என்றே நம்பிவிடும்.

"அதனால் முன்வருடம், பின்வருடம் கூட்டி வகுத்து
ஓட்டையை அடைத்தேன். குறிப்பு எழுதினேனே?"

எழுதவில்லை.
எட்டு ஆய்வுக்கட்டுரைகள் மிதக்கின்றன
அவன் அடைத்த கடலில்.
இரண்டு என்னுடையவை.

எத்தனை வருடங்களைக் கூட்டினான்?
இரண்டா, பத்தா? அவனுக்கே நினைவில்லை.
"எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்" என்றான்;
பிறகு யாரோ கூப்பிட, மீன்களிடம் போய்விட்டான்.

இரவு காவலரின் நோட்டுப் படத்தைத் திறந்தேன்.
கடைசி வரி: 5.8.
பக்கத்தில், கடைசிப் பத்தியில்,
யாரும் இதுவரை எண்ணாக்காத பத்தியில்,
பென்சிலால் இரண்டு சொல்:
கிழக்கே புகை.

நானும் கூட்டினேன். நானும் வகுத்தேன்.
வேறு என்ன செய்ய, ஓட்டையோடு ஓடாது பூமி.
என் கடல் அவன் கடலில்லை;
மூன்றாம் தசமத்தில் பிரிந்து
எந்த நூற்றாண்டில் எந்தப் புயலை
இடம் மாற்றி வைக்குமோ.

கோப்பின் தலைப்பில் எழுதினேன்:
ஏழு மாதம் அளக்கப்படவில்லை, நிரப்பியது நான்,
ஐந்து வருடச் சராசரி. பெயர், தேதி.
கொஞ்சம் யோசித்து, புகையையும் சேர்த்தேன்.
எந்த நிரலும் அந்த வரியைப் படிக்காது.

வரிசையில் இப்போது இருநூற்றுப் பதினேழாவது இடம்.
கோட்டு இன்னும் காயவில்லை.
அதையே மாட்டிக்கொண்டு இறங்கினேன்.